கூட்டாமல் குறைக்காமல்

காபி வேண்டாம் ஐயா, வெந்நீர் இருந்தால் போதும். காபி குடித்தால் எனக்குத் தொண்டை கட்டிக்கொள்கிறது. இத்தனை வருஷமாக இந்தத் தொண்டையை வைத்துத்தான் பிழைப்பு ஓடுகிறது என்பதால் காபி, ஐஸ் தண்ணீர், தூசி எல்லாவற்றையும் தள்ளியே வைத்திருக்கிறேன். வீட்டில் சண்டை வந்தால்கூடக் குரலை உயர்த்தமாட்டேன். என் வீட்டுக்காரர் அதைத்தான் பெரிய குறையாகச் சொல்வார். "ஒரு நாளாவது நீ கத்தித் தொலைச்சா எனக்கு நிம்மதியா இருக்கும்" என்பார். எனக்குக் கத்த வராது, என்ன செய்ய.

அந்தக் கதவை மட்டும் யாராவது சாத்தினால் தேவலை. வெளியே பெஞ்சில் ஒருத்தர் நான் வந்ததிலிருந்து பேப்பரில் ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார். உங்கள் ஆள்தான் என்றால் சொல்லிவிடுங்கள், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். இப்போதெல்லாம் யாரைப் பார்த்தாலும் இப்படித்தான் தோன்றுகிறது. இந்தக் கருவியில் சிவப்பு விளக்கு எரிகிறதா? சரி, எரிகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். தையல்காரர் மகனைச் சுட்டது யார் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. ரோந்து வண்டியில் புதிதாகச் சேர்ந்த கான்ஸ்டபிள் தம்பி சுட்டான். அவனே ஒப்புக்கொண்டான், உள்ளே போனான். பையனுக்குப் பதினாறு வயது. அந்தத் தம்பியும் அவனைவிட ஏழெட்டு வயது மூத்தவனாக இருந்தால் அதிகம். பிடித்த நாளிலிருந்து அவன் சொல்வது ஒன்றே ஒன்றுதான். "கண்ட்ரோல்ல துப்பாக்கின்னு சொன்னாங்க, உறுதியான்னு கேட்டேன், உறுதின்னு சொன்னாங்க." கண்ட்ரோல் என்றால் போலீஸ் கண்ட்ரோல் ரூம், அதாவது நான்தான். வயர்லெஸ்ஸில் நான் பேசியது அத்தனையும் பதிவாகியிருக்கிறது, அதை நான் மறுத்ததும் இல்லை. எனக்குப் போன் செய்த மருந்துக் கடைக்காரர் துப்பாக்கி என்றார், நான் அதை அப்படியே வண்டிக்குச் சொன்னேன் என்று முதல் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதில் ஒரு சின்னத் திருத்தம் செய்ய வேண்டும். ஆனால் எங்கள் வேலை எப்படி நடக்கிறது என்று தெரியாமல் அந்தத் திருத்தத்தைக் கேட்டால் என்னைத் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள். அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கண்ட்ரோல் ரூமில் நாங்கள் ஏற்றிச் சொல்வோம். வண்டியில் இருப்பவர்கள் இறக்கிக் கேட்பார்கள். பேரம் பேசும் கடை மாதிரிதான். கடைக்காரர் ஏற்றிச் சொல்வார் என்று வாங்குகிறவருக்குத் தெரியும், குறைத்துக் கேட்பார் என்று கடைக்காரருக்கும் தெரியும், யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. பக்கத்து வீட்டில் சத்தமாக இருக்கிறது என்று ஒருத்தர் போன் செய்தால் நான் அடிதடி என்பேன். வண்டியில் அதைச் சத்தம் என்று புரிந்துகொண்டு, சரி போய்ப் பார்ப்போம் என்று கிளம்புவார்கள். ஒருத்தன் குடித்துவிட்டு நடைபாதையில் கிடக்கிறான் என்றால் பேச்சு மூச்சில்லை என்பேன். ஆயுதம் என்றால் கம்போ கட்டையோ, ஒன்றுமே இல்லையோ. துப்பாக்கி என்றால், சும்மா உட்கார்ந்திருக்காமல் சீக்கிரம் போங்கப்பா என்று அர்த்தம். இதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித் தரமாட்டார்கள். சேர்ந்து கொஞ்ச நாளில் தானாகக் காதுக்குப் பழகிவிடும்.

இதை ஆரம்பித்தது யார் என்று கேட்காதீர்கள். நான் சேர்ந்தபோதே இருந்தது. புதிதில் எனக்குத் தெரியாது. வயதானவர் ஒருவர் மாடிப்படியில் விழுந்துவிட்டார் என்று அவர் மருமகள் சொன்னாள், நானும் விழுந்துவிட்டார் என்றே வண்டிக்குச் சொன்னேன். வண்டி சாவகாசமாகப் போய்ச் சேர்ந்தபோது அவர் போய்விட்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த மூத்த அக்கா என்னைப் பார்த்து, "உன் வாய்தான்டி அவர கொன்னுது. விழுந்துட்டார்னு சொன்னா எவன் வருவான்? யாரோ புடிச்சுத் தள்ளிட்டாங்கன்னு சொல்லியிருக்கணும்" என்றாள். நான் அன்றைக்கு அழுதேன். அதற்குப் பிறகு ஏற்றிச் சொல்லக் கற்றுக்கொண்டேன், அதனால் பிழைத்தவர்கள் உண்டு. புருஷன் குளியலறைக்குள் பூட்டிவைத்த ஒரு பெண்ணுக்கு நான் கத்தி என்று சொன்னதால்தான் உடனே கதவை உடைத்தார்கள். அவள் இன்றைக்கும் நன்றாக இருக்கிறாள். அப்போது யாரும் என்னைக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை.

இப்போது அந்தத் திருத்தம். மருந்துக் கடைக்காரர் துப்பாக்கி என்று சொல்லவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் நல்ல மழை. அவர் குரல் மெதுவாக, கடையில் மாத்திரை எப்படிச் சாப்பிடுவது என்று சொல்கிற மாதிரி இருந்தது. தன் கடைக்கு எதிரே பஸ் நிறுத்தம், அதற்குக் கூரை பிய்ந்து போயிருக்கிறது, அதன் கீழே ஒரு பையன் வெகு நேரமாக நனைந்துகொண்டு நிற்கிறான் என்றார். "நம்ம தையல்காரர் பையன்தாம்மா. பரீட்சையில போயிடுச்சாம், வீட்டுக்குப் போகப் பயந்துக்கிட்டு நிக்கறான். கையில குடை இருக்கு, விரிக்க மாட்டேங்கறான். அதான் எனக்குப் பயமா இருக்கு. நான் கூப்பிட்டா ஓடிடுவான். உங்க வண்டி வந்து கொஞ்சம் வீட்ல விட்டுடுமா?" என்றார்.

நான், "பதறாதீங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன். எல்லோரிடமும் அதைத்தான் சொல்வேன்.

நீங்களே யோசித்துப் பாருங்கள். கொட்டுகிற மழையில், குடையை விரிக்காத ஒரு பையனை வீட்டில் கொண்டுபோய் விட எந்த வண்டி வரும்? இருந்தாலும் நான் எடுத்த எடுப்பில் துப்பாக்கிக்குப் போய்விடவில்லை. பஸ் நிறுத்தத்தில் ஒருத்தன் சந்தேகப்படும்படி நிற்கிறான் என்றேன். டிரைவர் அண்ணன், "மழை விடட்டும்கா" என்றார். கையில் ஏதோ கறுப்பாக வைத்திருக்கிறான் என்றேன். அது பொய் இல்லை, குடை கறுப்புதான். "சரிக்கா, பாக்கறோம்" என்றார். பாக்கறோம் என்றால் வரமாட்டோம் என்று அர்த்தம். அந்தப் பையன் நனைகிறானே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. அதனால்தான் துப்பாக்கி என்றேன். அவன் நல்லதுக்குத்தான் சொன்னேன். அந்த மழையில் அவனுக்காக வருத்தப்பட்டவர்கள் இரண்டே பேர், ஒருத்தர் மருந்துக் கடைக்காரர், இன்னொருத்தி நான்.

டிரைவர் அண்ணன் என்ஜினைக் கிளப்பினார், சத்தம் கேட்டது. கதை அத்தோடு சுபமாக முடிந்திருக்கும். ஆனால் அந்தப் புதுத் தம்பி மைக்கை வாங்கி, "கண்ட்ரோல், உறுதியா? துப்பாக்கிதானா?" என்று கேட்டான்.

இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை ஐயா. அவன் முன்பிருந்த இடத்தில் ஒருவேளை சொன்னால் சொன்னதுதானோ என்னவோ. இங்கே அப்படிக் கேட்கிற வழக்கமே கிடையாது. பின்னால் டிரைவர் அண்ணன் சிரிப்பது கேட்டது. "டேய், அக்காவையே கேக்கறியா, நல்ல ஆளுடா நீ" என்றார். அந்தச் சிரிப்பில் அவன் கூனிக்குறுகிப் போயிருப்பான், பாவம். எனக்கும் சுருக்கென்றது. என் வார்த்தையைப் போய் ஒரு பொடியன் எடை போடுகிறானே என்று இருந்தது. அந்த நேரத்தில் நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம், பார்த்துக்கொள் என்றாவது சொல்லியிருக்கலாம். "உறுதி" என்றேன். குரல் பிசிறவில்லை. பதிவில் கேட்டிருப்பீர்கள்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்ததுதான். வண்டி விளக்கு முகத்தில் அடித்ததும் பையன் வெட்கப்பட்டிருப்பான். அதுவரை விரிக்காத குடையை அப்போதுதான் விரித்தான். பட்டனை அமுக்கினால் பட்டென்று விரிகிற குடை. புதுத் தம்பி கண்டது, கறுப்பாக ஒன்று தன்னை நோக்கி நீண்டதையும், அந்தச் சத்தத்தையும்தான். இரண்டு குண்டு. மருந்துக் கடைக்காரர் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து பையனைத் தூக்கினாராம். குடை மட்டும் விரிந்தபடி ரோட்டில் உருண்டுகொண்டே போயிற்று என்று டிரைவர் சொன்னார்.

அன்று ராத்திரியே இன்ஸ்பெக்டர் கண்ட்ரோல் ரூமுக்கு நேரில் வந்தார். வழக்கமாக அவர் எங்கள் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார். வருகிற போன்களைப் பதிவு செய்யும் ரெக்கார்டர் ரிப்பேருக்குப் போயிருந்தது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "கூப்பிட்டவன் துப்பாக்கின்னு சொல்லியிருக்கான், நீங்க அத அப்படியே சொல்லியிருக்கீங்க, சரியா?" என்றார். கேள்வியோடு பதிலையும் அவரே கொண்டுவந்திருந்தார், நான் சரி என்று சொல்வதைத் தவிர வேறு வேலை வைக்கவில்லை. பிறகு விசாரணையில், முதலில் சந்தேகப்படும்படி என்றும் அப்புறம் கறுப்பாக ஏதோ என்றும் சொன்னது ஏன் என்று கேட்டார்கள். போன் செய்தவர் ஒவ்வொன்றாகத்தான் சொன்னார் என்றேன். மருந்துக் கடைக்காரர் குடை என்றுதான் சொன்னேன் என்று தலையால் அடித்துக்கொண்டார். அவர் பதறிப்போய்ப் பேசினார், நான் நிதானமாகப் பேசினேன். நிதானமாகப் பேசுகிறவர்களைத்தான் ஜனங்கள் நம்புவார்கள், அது என் தப்பு இல்லை.

அந்த பஸ் நிறுத்தத்தைப் பார்த்தபடி போன் வைத்திருக்கிற கடை அந்தத் தெருவில் ஒன்றே ஒன்றுதான். அதனால் துப்பாக்கி என்று போன் செய்தவர் யார் என்று தெருவுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை. கடைக் கண்ணாடியை உடைத்தார்கள், சுவரில் கண்டதை எழுதினார்கள். தையல்காரரும் அவரும் பழைய சிநேகிதர்களாம். தையல்காரர் அவர் முகத்தில் முழிப்பதையே விட்டுவிட்டார். இதெல்லாம் காதில் விழுந்தபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

டிரைவர் அண்ணன் மேலும் நான் ஒரு கண் வைத்திருந்தேன். அவர் இத்தனை காலம் இறக்கிக் கேட்டுப் பழகியவர், நான் ஏற்றியிருப்பேன் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. ஒரு நாள் கேண்டீனில் எதிரே வந்து உட்கார்ந்தார். இங்கும் அங்கும் பார்த்துவிட்டு மெல்ல, "அக்கா, அன்னிக்கு நீங்க எவ்வளவு ஏத்தினீங்க?" என்று கேட்டார்.

"நீங்க எவ்வளவு இறக்கினீங்க?" என்றேன். "இறக்கிக் கேக்கணும்னு பக்கத்துல இருந்த புள்ளைக்கு ஏன் சொல்லலை?"

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே எழுந்து போனார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் அவர் எழுந்து போன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. யாரிடமாவது உளறிவைப்பார் என்று நெஞ்சுக்குள் ஒரு குறுகுறுப்பு இருந்துகொண்டே இருந்தது. ரெக்கார்டரைக் கழற்றிக்கொண்டு போன மெக்கானிக் மேலும் சந்தேகம் வந்தது, பழைய பதிவு ஏதாவது உள்ளே தங்கியிருக்குமோ என்று. வீட்டில் போன் மணி அடித்தால் வீட்டுக்காரரை எடுக்கச் சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். வெளியில் போனால் வாயே திறப்பதில்லை. ஊரில் பாதிப் பேர் ஏதோ ஒரு நாள் என் குரலைக் கேட்டவர்கள். காய்கறிக் கடையில் விரலால் காட்டி வாங்கினேன். பஸ்ஸில் சில்லறையை நீட்டிக் கையால் ஜாடை செய்தேன். "என்ன, மௌன விரதமா?" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். பிறகு கிண்டலை நிறுத்திவிட்டு அவரும் என்னை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தார்.

அப்படியிருந்தும் நான் அந்த மருந்துக் கடைக்குப் போனேன். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை தீர்ந்துவிட்டது, வீட்டுக்காரருக்குக் கால் வீக்கம், வாங்கிவர முடியாது. எங்கள் தெருவிலேயே மருந்துக் கடை இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு இருக்கிறது. அந்த மனிதர் எப்படி இருப்பார் என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது, வேறொன்றும் இல்லை.

ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உடைந்த கண்ணாடிக்கு அட்டை ஒட்டியிருந்தார். ஒல்லியான ஆள், சட்டைப் பையில் நாலைந்து பேனா. நான் பேசாமல் பழைய மாத்திரை அட்டையை நீட்டினேன். அவர் உள்ளே போய் எடுத்துவந்து வைத்தார். பார்த்தால் பவர் வேறு. இரட்டிப்பு. நானும் எவ்வளவோ அடக்கிப் பார்த்தேன், எடுத்துக்கொண்டு போய்க் குப்பையில் போட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் தப்பாக ஒன்று கண்ணெதிரே இருக்க, வாயை மூடிக்கொண்டு போக எனக்குப் பழக்கம் இல்லை. "இது இல்லைங்க, இதுல பாதி பவர் வேணும்" என்றேன்.

அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

"மறுபடி சொல்லுங்கம்மா" என்றார். "பதறாதீங்க, நான் பாத்துக்கறேன்னு ஒரு தடவை சொல்லுங்க."

நான் அட்டையைப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை, கையைப் பிடிக்கவில்லை, கத்தி நாலு பேரைக் கூட்டவில்லை. கூட்டியிருந்தால் எனக்கு எதிர்கொள்ளத் தெரிந்திருக்கும். "குடைன்னு சொன்னேனேம்மா. உங்களுக்குத்தான் தெரியுமே" என்றார். பிறகு, "எனக்குக் கேஸ் கீஸ் ஒண்ணும் வேண்டாம். தையல்காரர்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அவர் என்னைப் பாத்தா எச்சில் துப்பிட்டுப் போறாரு. அந்தப் பையன நான்தான் மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன்" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

"யோசிங்க. அடுத்த வாரம் விசாரணையில என்னை மறுபடி கூப்பிட்டிருக்காங்க. நீங்க சொல்லலைன்னா, நீங்க இங்க வந்தத நான் சொல்லித்தான் ஆகணும். அந்தக் கான்ஸ்டபிள் தம்பியும் பாவம்மா, அவனுக்கும் தெரியணுமில்ல" என்றார்.

வீடு வரும் வரை யோசித்தேன். அதற்குப் பிறகும் யோசித்தேன். என் வேலை போகும், அது போகட்டும். ஆனால் ஒரு பையனை நானே கொன்றேன் என்று ஊர் சொல்லும். அதில் நாலு பேர் கை இருக்க, ஒரு தலையில் கட்டுவார்கள். அது நியாயமா? நீங்கள் பதில் சொல்ல வேண்டாம், எழுதிக்கொண்டால் போதும்.

அதற்குள் கான்ஸ்டபிள் தம்பிக்கு ஜாமீன் கிடைத்தது. கிடைத்த அன்றைக்கு மத்தியானம் ஊர் கொதித்துக் கிடந்தது. பையன்கள் கூட்டம் கூட்டமாகத் திரிந்தார்கள். அவனைப் பிடிக்க முடியாத ஆத்திரத்தை எங்காவது காட்ட வேண்டுமே. ஒவ்வொரு நாற்காலியிலும் போன் அடித்துக்கொண்டிருந்தது. என் லைனில் வந்தது அவர்.

"கடைக்கு முன்னாடி ஆளுங்க சேர்ந்திருக்காங்க. ஷட்டரைத் தட்டறாங்க. நான் உள்ள இருக்கேன். கொஞ்சம் வண்டி அனுப்பறீங்களா?" என்றார். அதே மெதுவான குரல். அந்த மனிதருக்கு எதையும் பெரிதாகச் சொல்லத் தெரியாது. முகவரி என்ன என்று நான் கேட்டதும் குரலை அடையாளம் கண்டுகொண்டார். "அம்மா, நீங்களா?" என்றார். அப்புறம், "பரவாயில்லை, நீங்களே இருங்க. இந்தத் தடவை நான் சொல்றத அப்படியே சொல்லுங்க, போதும்" என்றார்.

நான் அப்படியே சொன்னேன். மருந்துக் கடை முன்னால் ஆட்கள் சேர்ந்திருக்கிறார்கள், ஷட்டரைத் தட்டுகிறார்கள், கடைக்காரர் உள்ளே இருக்கிறார், வண்டி கேட்கிறார். அதே வண்டி, அதே டிரைவர் அண்ணன். அவர் வழக்கப்படி அதை இறக்கிக் கேட்டார். இறக்கினால் என்ன மிஞ்சும்? மருந்து வாங்க வந்தவர்கள் கதவைத் தட்டுகிறார்கள், அவ்வளவுதான். "சரிக்கா, பாக்கறோம்" என்றார். அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது.

பாக்கறோம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

அவர் லைனில்தான் இருந்தார். "மண்ணெண்ணெய் வாசனை வருதும்மா" என்றார். அதையும் சொன்னேன், வாசனை வருகிறதாம் என்று. அடிதடி என்று ஒரு வார்த்தை, தீ என்று ஒரு வார்த்தை போட்டிருந்தால் வண்டி பறந்திருக்கும், ஸ்டேஷன் அந்தக் கடையிலிருந்து கூப்பிடு தூரம். தீ என்று அவர் சொல்லவில்லை, அதனால் நானும் சொல்லவில்லை. பிறகு அவர் சொன்னார், அப்போது நானும் சொன்னேன், அதற்குள் கடை முழுக்கப் பற்றியிருந்தது. வண்டி கிளம்பிற்றா என்று கேட்டார், வண்டிக்குச் சொல்லியாயிற்று என்றேன். இருமல் வந்தது. பதறாதீங்க என்றேன். மற்ற லைன்கள் அடித்துக்கொண்டிருந்தும் நான் அவர் போனை வைக்கவில்லை. ஒரு மனுஷன் தனியாகப் போகக்கூடாது என்று கடைசி வரைக்கும் கூடவே இருந்தேன்.

தையல்காரர்தான் முதலில் ஓடிவந்து அந்த ஷட்டரைத் தூக்கப் பார்த்தாராம். கொதிக்கிற இரும்பை வெறுங்கையால் பிடித்திருக்கிறார். இனி அவரால் ஊசி பிடிக்க முடியாது என்கிறார்கள்.

அதற்குள் ரெக்கார்டர் ரிப்பேராகி வந்துவிட்டது என்பதும் எனக்குத் தெரியும். அதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லாமல் இருந்தது. மேலிடத்தில் அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டார்கள். அழைத்தவர் சொன்னது ஒரு பக்கம், நான் சொன்னது ஒரு பக்கம், இரண்டும் அச்சு அசலாக இருந்தன. இப்படித்தான் வேலை செய்ய வேண்டும் என்று மற்ற பெண்களுக்கும் அதைப் போட்டுக் காட்டினார்களாம். வண்டியில் இருந்தவர்களை மட்டும் இடைநீக்கம் செய்தார்கள். டிரைவர் அண்ணன் போகும்போது என் மேஜைப் பக்கம் வந்து நின்றுவிட்டுப் போனார்.

அந்தப் பதிவை முழுதாகக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான் ஐயா. மற்றவர்கள் என் பேச்சைக் கேட்டார்கள், நீங்கள் அவர் பேச்சைக் கேட்டீர்கள். இந்தத் தடவை அப்படியே சொல்லுங்கள் என்றாரே, அப்படியானால் போன தடவை என்ன நடந்தது என்று காலையில் கேட்டீர்கள். நான் வெந்நீர் கேட்டது அதற்குத்தான். பதில் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன் என்று எனக்கே தெரியும்.

எழுதிக்கொள்ளுங்கள். பையன் விஷயத்தில் எனக்குப் பங்கு உண்டு. மீதியை டிரைவர் அண்ணனுக்கும் புதுத் தம்பிக்கும் இன்ஸ்பெக்டருக்கும் நீங்கள் பார்த்துப் பிரித்துக் கொடுங்கள், நான் தகராறு செய்யமாட்டேன். மருந்துக் கடைக்காரர் விஷயத்தில் யாருக்கும் பங்கு கிடையாது. அவர் விசாரணைக்கு வரக்கூடாது என்று நினைத்தேன், வராமல் செய்தேன். டிரைவர் பெயரை அதிலிருந்து எடுத்துவிடுங்கள், அவர் வழக்கம்போலத்தான் கேட்டார். முழுக்க முழுக்க நான்தான்.

ஆனால் கொலை என்று மட்டும் எழுதாதீர்கள் ஐயா. அன்றைக்கு நான் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை.